பானக்காரம் கணக்கில் சேராது

மார்ச் 31, திங்கள்

வெயில். தகர ஷீட்டில் கை வைக்க முடியவில்லை. குழாய்த் தண்ணீர் இன்றைக்கும் அரைமணிதான். இரண்டு மூட்டை ஜீன்ஸ் வந்தது, தாகா கட்டிங். பிசிறு நூலை வெட்டி வெட்டி விரல் மரத்துவிட்டது. விரல் வெட்டுப்பட்டால் மருந்து நம்முடையது. ஜீன்ஸில் ரத்தம் பட்டால் அந்த ஜீன்ஸ் கூலியும் போச்சு.

புதன்கிழமை கோர்ட். சுப்ரியா மேடம் (நம் வக்கீல், சின்னப் பெண், மராத்தி, என்னை மௌஷி என்பாள், சித்தி என்று அர்த்தம்) போன். கம்பெனிக்காரன் வக்கீலை மாற்றிவிட்டானாம். "படா ஆத்மி ஹை மௌஷி, தைரியமா இருங்க." புது வக்கீல் பெரிய ஆளாம். தைரியமா இரு என்று யாராவது சொன்னால்தான் எனக்குத் தைரியம் போகிறது.

சொல்ல வேண்டியது, மறக்காமல் இருக்க எழுதுகிறேன். என் மகன் இசக்கிமுத்து. செம்பூரில் உசரமான பில்டிங், வெளிச்சுவர் பெயின்ட். ஜூலாவில், கயிற்றில் கட்டின பலகையில், உட்கார்ந்து அடிக்கிற வேலை. இடுப்புக்கு பெல்ட் கொடுக்கவில்லை. பதினோராம் மாடியிலிருந்து விழுந்தான். கம்பெனி சொல்வது, அவன் தப்பு. நான் கேட்பது, அவன் தப்பு இல்லை என்று ஜட்ஜ் வாயால் வர வேண்டும். அதுக்கு மேல் வருவது வந்தால் வரட்டும்.

அவன் இல்லாமல் இது மூணாவது சித்திரை வரப்போகிறது.

பக்கத்து வீட்டு ரோஸி இன்றைக்கும் கேட்டாள், "கேசு முடிஞ்சா ரூமு பெருசா எடுப்பியாக்கா?" அவள் வாயில் இந்தக் கத்தரியை விட்டிருக்க வேண்டும். இட்லி இரண்டு கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 2, புதன்

சயான் ஸ்டேஷனிலிருந்து நின்றுகொண்டே போனோம். நான், மகள் செல்வி, கூடப்பிறந்த சுடலை அண்ணன். அண்ணன் கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்தான், "கூட்டம் இருந்தாத்தாம்ட்டி ஜட்ஜு மதிப்பான்" என்று. ஜட்ஜ் தலையைத் தூக்கியே பார்க்கவில்லை.

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது. கறுப்புக் கோட்டு போட்டு, முடி முழுக்க நரைத்து, மாட்டுங்கா வக்கீல் ஐயா உள்ளே வந்தார். நம் ஐயா. என் தங்கச்சி சொர்ணத்தை அவள் புருஷன் கொளுத்தினானே, அந்தக் கேசில் அவனை உள்ளே தள்ளின ஐயா. அம்மனே அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது.

"ஐயா, முத்துவுக்காவ வந்தியளா?"

ஐயா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நன்னாருக்கேளா? சாப்டேளா?"

"இருக்கேன்யா. புள்ள போயிட்டான்யா."

"தெரியும். எங்கிட்ட இப்போ பேசப்படாதும்மா. தப்பாயிடும்."

போய் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் நின்றேன். செல்விதான் கையைப் பிடித்து இழுத்தாள். "யம்மா, சல் நா. அவரு அவங்க சைடும்மா."

அண்ணன் நம்பவில்லை. "அங்ஙன போயி உக்காந்து வேவு பாப்பாவட்டி. படிச்சவுக ரோசனை நமக்கு வெளங்காது." கமிட்டி ஆட்களும் ஆமாம் என்றார்கள். மூன்று ஆம்பிளைகள், ஒரு மூளை இல்லை.

தேதி கொடுத்தார்கள். செவ்வாய்.

ஏப்ரல் 3, வியாழன்

சுப்ரியா மேடம் (இனி சு.மே.) டீக்கடைக்குக் கூட்டிப் போய் எல்லாம் சொன்னாள். ஐயா சர்க்கார் வேலையை விட்டு வெகுநாளாச்சாம். இப்போது கம்பெனிகளுக்கு மட்டும். லிஃப்ட் விழுந்து செத்தால் லிஃப்ட்காரனுக்கு. ஆஸ்பத்திரியில் செத்தால் ஆஸ்பத்திரிக்கு. பஸ் ஏறிச் செத்தால் பஸ் முதலாளிக்கு. சாவுக் கேசில் அவர் தோற்றது குறைவாம். கத்த மாட்டாராம், மேஜையைத் தட்ட மாட்டாராம். அம்மாக்களைப் பேச வைப்பாராம். பெற்றவள் வாயாலேயே கேசு முடிந்துவிடுமாம். சின்ன வக்கீல்கள் பார்த்துப் படிக்க வந்து உட்காருவார்களாம்.

நான் சொன்னேன், அவர் எங்கள் வக்கீல், எப்படி அந்தப் பக்கம் போகலாம், சட்டம் இல்லையா?

சு.மே. கிளாஸைக் கீழே வைத்தாள். "மௌஷி, வோ ஆப்கா வக்கீல் கபி நஹி தா. சர்க்கார் கா தா. ஆப் தோ கவாஹ் தீ."

அவர் என்றைக்கும் எங்கள் வக்கீல் இல்லையாம், சர்க்கார் வக்கீலாம். நான் சாட்சி. அவ்வளவுதான். அத்தனை வருஷமும் எங்கள் ஐயா, எங்கள் ஐயா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தேன்.

அந்தக் கேசில் ஐயா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. "கூண்டுல ஏறினா பயப்படாதீங்கோ. மனசுல இருக்கறதை எதையும் மறைக்காம சொல்லுங்கோ. மீதியை நான் பாத்துக்கறேன்." அப்படியே சொன்னேன். சொர்ணம் புருஷனுக்கு ஜெயில்.

அதிலிருந்து எங்கள் மாரியம்மன் கோயில் கொடை ஒவ்வொன்றுக்கும் சர்க்கரைப் பொங்கல் ஒரு தூக்குச்சட்டி நிறைய மாட்டுங்காவுக்குக் கொண்டு போவேன். ஐயா வீட்டு மாமி வாசலிலேயே ஸ்டூல் போடுவாள். உள்ளே கூப்பிட்டதில்லை. பொங்கலை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தூக்கைக் கழுவி, உள்ளே சீனியோ இரண்டு பழமோ போட்டுத் தருவாள். "வெறும் பாத்திரம் குடுத்து அனுப்பப்படாது" என்பாள். அது எனக்குப் பெரிய மரியாதை.

கடைசி முறை முத்துதான் கொண்டு போனான். கையில் காப்பு, காலில் செருப்பில்லை. மாமி காபி கொடுத்தாளாம். "காப்பு கட்டிருக்கேன் மாமி, வேண்டாம்" என்றானாம். அப்புறம் பானக்காரம், மாமி பாஷையில் பானகம், கலந்து பேப்பர் கப்பில் கொடுத்தாளாம், இரண்டு கப் குடித்தானாம். வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். "ஐயாவும் பக்கத்துல நின்னாவம்மா. சமத்துன்னாவ. என்னப் போயி சமத்துங்காவ, ஏழு கழுத வயசாச்சு."

அடுத்த கொடைக்கு அவன் இல்லை. காப்பு கட்டின கையோடுதான் போனான். அப்புறம் நான் கோயிலுக்கும் போகவில்லை, மாட்டுங்காவுக்கும் போகவில்லை.

சு.மே. சொல்லிவிட்டாள்: கேட்டதுக்கு மட்டும் பதில். ஹா. நஹி. தெரியாது. வேறு வாயே திறக்கக் கூடாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

தமிழ் மொழிபெயர்ப்பு ஆள் வரவில்லை. ஜட்ஜ் கேட்டார், ஹிந்தி வருமா. வரும் என்றேன். நாற்பது வருஷம் இங்கே குப்பை கொட்டியிருக்கிறேன்.

ஐயா எழுந்தார். ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார். முத்து குடிப்பானா. நஹி. சண்டை போடுவானா. நஹி. பெல்ட் கொடுத்தார்களா இல்லையா, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா. நஹி. எல்லாம் சு.மே. சொன்னபடி. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு போட்டோ. கூண்டு விளிம்பில் வைத்தார்.

ஒரு கை. கை மட்டும். விரல் நகத்தில் நீல பெயின்ட். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, மஞ்சள் துண்டு. நான் கட்டின முடிச்சு இல்லை, பூசாரி முடிச்சு. இந்தப் போட்டோவை எனக்கு இதுவரை யாரும் காட்டவில்லை.

"இது என்னம்மா?" தமிழில் கேட்டார்.

தமிழைக் கேட்டதும் எனக்குள் எதுவோ கட்டு விட்டது.

"காப்புய்யா. எங்க மாரியம்மனுக்குக் கட்டுனது."

"காப்பு கட்டிண்டா எப்படி இருக்கணும்? ஜட்ஜுக்குத் தெரியாது பாருங்கோ. எதையும் மறைக்காம சொல்லுங்கோ."

அதே வார்த்தை.

"சுத்தமா இருக்கணும்யா. கவுச்சி கூடாது. செருப்பு கூடாது. பகல்ல ஒண்ணும் தொட மாட்டாவ. பொழுசாஞ்சு ஒரு நேரம்."

"சில பேர் பேருக்குக் கட்டிண்டு டீ, வடா பாவ்னு தின்னுண்டு திரியறா. முத்து எப்படி?"

பின்னால் அண்ணன், கமிட்டி ஆட்கள். அவர்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"எம்புள்ளையாய்யா? ஒம்பது வயசுல இருந்து கட்டுதான். காப்பு கட்டிட்டா எச்சி முழுங்க மாட்டான்."

"அன்னிக்குக் காலம்பற என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணுமில்ல."

"குடிக்க?"

"ஒண்ணுமில்ல."

"அந்த வெயில்ல, பதினோராம் மாடில, வெறும் வயத்தோட, வெறுங்காலோட. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"என்னய்யா பயம்? அம்மன் தாங்குவா."

அவ்வளவுதான். ஐயா அதுக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஜட்ஜிடம் ஹிந்தியில் நான் சொன்னதைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சு.மே. எழுந்து கத்தினாள், இவர் எப்படி மொழிபெயர்க்கலாம் என்று. ஜட்ஜ் என்னைக் கேட்டார், "மாயி, இவர் சொன்னதுதான் நீங்கள் சொன்னதா?"

"ஹா சாஹேப்."

ஜட்ஜ் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஒரு பெண் டைப் அடித்தாள். டக டக டக. பின்னால் உட்கார்ந்திருந்த சின்ன வக்கீல் ஒருவன் பக்கத்துப் பையனிடம், "தேகா? மா ஸே புல்வா தியா." அம்மா வாயாலேயே வர வைத்துவிட்டாராம். பாடம் நடந்திருக்கிறது, நான்தான் பலகை.

வெளியே வந்ததும் அண்ணன் கண்ணைத் துடைத்தான். "மருமவன் மானத்தக் காப்பாத்திட்டட்டி. இம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்லிட்டல்லா." கமிட்டி ஆள் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையை எழுதுகிறேன், பெருமையாக இருந்தது.

சு.மே. மட்டும் சுவரில் தலையைச் சாய்த்து நின்றாள்.

ஏப்ரல் 9, புதன்

அடுப்பு பற்ற வைக்கவில்லை. செல்வி பாவ் வாங்கி வந்து தின்றாள்.

சு.மே. ஆபீஸ். ஜட்ஜ் எழுதிக்கொண்டது என்ன என்று படித்துச் சொன்னாள். காலையிலிருந்து அன்னம் தண்ணீர் இல்லாமல், வெறுங்காலுடன், தன் இஷ்டப்படி மேலே ஏறினான் என்று தாயே ஒப்புக்கொள்கிறாள். மயங்கி விழுந்தான், கம்பெனி என்ன செய்யும். இதுதான் இனி அவர்கள் கேசு.

"தண்ணீர்கூடவா குடிக்கவில்லை? நிஜமாகவா மௌஷி?"

"பானக்காரம் குடிச்சான்."

"க்யா?"

வெல்லம், எலுமிச்சை, சுக்கு. நான்தான் கரைத்தேன். பெரிய சொம்பு. காலையில் அரைச் சொம்பு குடித்துவிட்டு மீதியை பாட்டிலில் ஊற்றி வேலைக்கு எடுத்துப் போனான்.

சு.மே. எழுந்துவிட்டாள். "வெல்லமா? அது குளுக்கோஸ் மாதிரி! ஏன் சொல்லவில்லை? குடிக்க என்ன என்று கேட்டாரே!"

பானக்காரம் கணக்கில் சேராது என்றேன். அது அம்மனுக்கு வைத்து எடுக்கிறது. இளநியும் சேராது. விரதக்காரன் பானக்காரம் குடித்தால் குடித்தான் என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். என்ன குடிச்சே என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்றுதான் வரும். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் அதுதான் வரும்.

"இப்போதே போய் ஜட்ஜிடம் சொல்கிறேன்."

"முடியாது. இனி நீங்கள் எது சொன்னாலும் நான் சொல்லிக் கொடுத்தேன் என்பார் உங்கள் ஐயா. அம்மா பிரமாணம் எடுத்துப் பொய் சொன்னாளா, அன்றைக்கா இன்றைக்கா என்று கேட்பார்."

வரும்போது ரயிலில் இன்னொன்று தோன்றியது. மயக்கமே வரட்டும். பெல்ட் இருந்தால் மயங்கித் தொங்கிக்கொண்டாவது இருந்திருப்பானே. இறக்கி முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்களே. இது ஏன் கூண்டில் தோன்றவில்லை. சு.மே.க்குப் போன் போட்டேன். "அது வாதத்தில் சொல்வேன் மௌஷி, ஆனால் பெல்ட் கொடுத்தார்களா என்று நீங்கள் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்."

அதுக்கு அப்புறம்தான் இது உறைத்தது. ஐயா வீட்டு வாசலில் முத்து பானக்காரம் குடித்தான். இரண்டு கப். ஐயா பக்கத்தில் நின்றார். சமத்து என்றார்.

ஆக ஐயாவுக்குத் தெரியும். கணக்கில் சேராது என்றும் தெரியும், நான் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வேன் என்றும் தெரியும். நான் பொங்கல் கொண்டு போய்க் கொண்டு போய் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஜீன்ஸ் மூட்டை வரவில்லை. செல்வி தலைக்கு ஈருகோலிச் சீப்பு போட்டேன். ஒரு பேன்கூட உயிரோடு விடவில்லை.

அண்ணன் வந்தான். கொடைக்கு வரிப்பணம் கேட்டான், பிறகு இந்த வருஷமாவது பொங்கல் வை என்றான். முத்து பேரில் கோயிலில் ஒரு ஃபோட்டோ மாட்டப் போகிறார்களாம், விரதம் தப்பாமல் உயிர் விட்டவன் என்று. "கோர்ட்டுலயே நிரூபணம் ஆயிட்டுல்லா" என்கிறான்.

சாணியைக் கரைத்து ஊற்றலாமா என்று பார்த்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். சீனி போடாமல்.

"அவன் விரதத்துல சாவலண்ணே. பெல்ட் இல்லாமச் செத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி. பெருமையா இருந்துட்டுப் போட்டுமே."

ஏப்ரல் 22, செவ்வாய்

கொடை. மேளம் காதைக் கிழிக்கிறது. பொங்கல் வைத்தேன். பொங்கி வழிந்தபோது குலவை போட வாய் வரவில்லை, பக்கத்தில் நின்றவள் எனக்கும் சேர்த்துப் போட்டாள்.

புதுப் பையன்கள் வரிசையாக மஞ்சள் கயிறோடு. அவர்கள் அம்மாக்கள் சொம்பில் பானக்காரம். அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தாங்கத்தான் இல்லையே.

நாளைக்கு மாட்டுங்கா. செல்வி, "பாகல் ஹோ கயீ க்யா? அந்த ஆளுக்குப் போயா?" என்று கத்தினாள். எனக்குப் பைத்தியமாம். தூக்குச்சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். முகம் தெரிகிறது.

ஏப்ரல் 23, புதன்

மாட்டுங்கா. பூக்கடை எல்லாம் அப்படியே. லிஃப்ட்காரன் புதுசு, எங்கே போகிறாய் என்று இரண்டு தடவை கேட்டான்.

மாமிதான் கதவைத் திறந்தாள். இளைத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று.

"அடடே, வாங்கோ! எத்தனை நாளாச்சு! ரெண்டு வருஷமா ஆளையே காணோமே. ஊருக்குப் போயிட்டேளோன்னு நெனச்சேன்." ஸ்டூல் வந்தது. அதே ஸ்டூல். "முத்து எங்கே? அவனை அனுப்பப்படாதோ, நீங்க ஏன் வெயில்ல?"

உள்ளே ஐயா. சாய்வு நாற்காலியில் பேப்பர். பேப்பர் கீழே இறங்கவில்லை.

மாமிக்குத் தெரியாது. ஆபீஸ் சங்கதி எதையும் வீட்டில் பேச மாட்டாராம், முன்பே ஒரு தடவை மாமி பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"முத்து செத்துட்டான் மாமி."

மாமி கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ. எப்போ? நம்ம முத்துவா? காபி வேண்டாம்னு சொல்லிட்டு ரெண்டு கப் பானகம் வாங்கிக் குடிச்சானே, அந்தப் பையனா?" உள்ளே திரும்பி, "ஏன்னா, கேட்டேளா? உங்களுக்கு ஞாபகம் இருக்கோன்னோ? நீங்ககூட அவன் தோளத் தட்டினேளே!"

பேப்பர் அசையவில்லை.

"எப்படிம்மா போனான்?"

எத்தனையோ சொல்ல நினைத்து வந்தேன். ரயிலில் மனப்பாடம் செய்தேன். ஒன்றும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"ஐயாவக் கேளுங்க மாமி. ஐயாதான் கோர்ட்டுல காரணம் சொன்னாவ. எனக்கு வெவரம் பத்தாது."

மாமி என்னைப் பார்த்தாள். ஐயாவைப் பார்த்தாள். ஐயா பேப்பரை மடித்தார். அந்த முகத்தில் வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோர்ட்டில் பார்த்த அதே முகம்.

"அன்னிக்கு உங்க தங்கைக்கும் என் வேலையைத்தான் செஞ்சேன். இன்னிக்கும் அதுதான். இங்கெல்லாம் வரப்படாது. உங்க வக்கீலுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்." பிறகு மாமியிடம், "நீ உள்ள போ."

மாமி போகவில்லை. நான் கொடுத்த பொங்கல் தூக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

நான் இறங்கிவிட்டேன், படி வழியாக. தூக்கு அங்கேயே. வேண்டுமென்று விட்டேனா, மறந்தேனா, தெரியவில்லை. மாமி ராத்திரி அவரைக் கேட்பாள். ஒரு ராத்திரியாவது அந்த வீட்டில் யாராவது கேட்கட்டும்.

ஏப்ரல் 26, சனி

வெயில் குறையவில்லை. ஜீன்ஸ் மூன்று மூட்டை, அவசரம். மே மாதம் கோர்ட்டுக்கு லீவு, ஜூனில் தேதி என்று சு.மே. போன்.

மாமி வருவாள் என்று ஏனோ ஒரு நினைப்பு. கோர்ட்டில் வந்து, ஆமாம், நான்தான் பானகம் கொடுத்தேன், காப்பு கட்டினவர்கள் குடிப்பார்கள் என்று சொல்வாள் என்று. சு.மே.யிடம் கேட்டேன், மனைவி வந்து புருஷனுக்கு எதிராகச் சொல்லலாமா. "மௌஷி, சாப்பிட்டீர்களா?" என்றாள்.

மத்தியானம் கார் டிரைவர் ஒருவன் விலாசம் விசாரித்துக்கொண்டு சந்துக்குள் வந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு. "சாஹப் நே பேஜா." ஐயா அனுப்பினாராம். கையில் பிளாஸ்டிக் பை. அதுக்குள் தூக்குச்சட்டி.

நன்றாகக் கழுவியிருந்தது. துடைத்தும் இருந்தது, ஈரமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். சீனி இல்லை. பழம் இல்லை. விரலை விட்டு அடி வரைக்கும் தடவினேன்.

செல்வி ஜீன்ஸிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னம்மா இருக்கு உள்ள?"

"ஒண்ணுமில்ல."